பிள்ளையார் எறும்புக்கு ஒரு பிடி மாவு

பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பின புருஷன் நாச்சிமுத்துவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பி அடங்கினதும், கலாமணி பல் துலக்கும் பிரஷோடு செம்பருத்தி வேலியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பல் துலக்க அல்ல, செடி துலக்க. நாச்சிமுத்து தூக்கிப்போட இருந்த பழைய பிரஷ் அது. பூந்திக்கொட்டைத் தண்ணியில் முக்கிக் கணுவுக்குக் கணு அப்பிக்கிடக்கிற வெள்ளைப்பூச்சியைத் தேய்த்தெடுக்க அதைவிடத் தோதான சாமான் உடுமலைப்பேட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது அவள் கட்சி. பெங்களூர் பஸ் ஆறரைக்கு வரும், இல்லை ஏழாகும், பஸ் ஸ்டாண்டில் யாரையாவது பார்த்துவிட்டால் இவர் நின்று பேச ஆரம்பித்துவிடுவார், மோட்டார் ரிப்பேர் பார்த்துக் காயில் கட்டுகிற கடைக்காரருக்கு ஊரெல்லாம் சிநேகிதம், அதனால் இன்னும் அரை மணி நேரம் தாராளமாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துலக்கிவிட முடியுமா என்றால் முடியாது, அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே தேய்த்தாள். வெள்ளை பஞ்சு மாதிரி விரலில் ஒட்டியது, நசுக்கினால் ரோஸ் கலரில் ஒரு சாறு, சீ என்று கழுவினாள், மறுபடி தேய்த்தாள். கொழுந்தெல்லாம் பச்சைப்பிள்ளை விரலை மடக்கி வைத்திருக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. கீழிலையைத் தொட்டால் பிசுக்கு, பிசுக்கின்மேல் அடுப்புக்கரி பூசினாற்போல ஒரு கறுப்பு. மொட்டு விரிகிறதுக்கு முன்னாலேயே பொத்தென்று விழுந்துவிடுகிறது. இது அவளே வைத்த செடியாக இருந்தால் போகட்டும் சனியன் என்று விட்டிருப்பாள். இது வசந்தாமணி வைத்த வேலி. நாச்சிமுத்துவின் முதல் சம்சாரம், போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். இப்போது பஸ்ஸில் வந்து இறங்கப்போகிற பிருந்தாவின் அம்மா. கார்த்திகையில் அப்பா செய்துகொண்ட இரண்டாவது கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று வராமல் இருந்துவிட்ட பிள்ளை, பொங்கலுக்கும் வராத பிள்ளை, இந்தப் பங்குனியில் இன்றைக்குத்தான் முதன்முதலாக வாசல் மிதிக்கிறாள். மிதிக்கும்போது முதலில் கண்ணில் படப்போவது என்ன? பெத்தவள் வைத்த வேலி, வந்தவள் கையில் செத்துக்கொண்டிருக்கிற காட்சி. அதற்குப் பிறகு அரிசிம்பருப்புச் சோத்தை நெய்யூற்றிப் பிசைந்து வைத்தால் மட்டும் தொண்டையில் இறங்கிவிடுமா.

இறங்காது, இறங்காது, என்று பிரஷ் ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாளத்துக்குத் தானே ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பதைக் கலாமணி கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். வெட்கமாகப் போயிற்று. வருகிறவளை நினைத்துப் பயப்படுகிற நேரத்தில் எவளாவது பாடுவாளா? ஆனால் அவளுக்கு இந்த வாசலில் வந்து உட்கார்ந்தாலே அப்படி ஆகிவிடுகிறது, என்ன செய்ய. நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் அவளுக்கு வாசல் என்று ஒன்று இருந்ததில்லை. தாராபுரம் ரோட்டில் மாடி வீடு, படி முடிகிற இடத்தில் ஒரு முழம் சிமெண்டுத் திட்டு, அதில் சாக்பீஸால் நாலு இழை இழுத்துவிட்டு நூல் மில் ஆபீசுக்கு ஓடுவாள். அதையும் கீழ் வீட்டுப் பிள்ளைகள் மிதித்து அழித்துவிடும். ஜாதகத்தில் என்னமோ சரியில்லை என்றார்கள், அப்புறம் அப்பாவுக்குக் கைகால் விழுந்தது, அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பா போனபிறகு ஒருத்திக்கு மட்டும் அரை டம்ளர் அரிசி போட்டு ஆக்குவது என்பது எவ்வளவு அலுப்பான சங்கதி என்று ஆக்கினவர்களுக்குத்தான் தெரியும். மில்லுக்கு மோட்டார் காயில் கட்ட வந்த மனுஷன், கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே ஆபீஸ் வாசலில் நின்று, "ஏனுங், நானும் தனியாத்தான் ஆக்கித் திங்கறேன், நீங்களும் தனியாத்தான் ஆக்கித் திங்கறீங்க. ரெண்டு அடுப்பு எதுக்குங்க?" என்று கேட்டபோது, கேட்டது கல்யாணம் என்று புரியவே அவளுக்கு மத்தியான டீ வரைக்கும் ஆயிற்று. புரிந்ததும் டைப் அடித்துக்கொண்டிருந்த காகிதத்தில் ஒரே எழுத்தை ஒரு வரி நீளத்துக்கு அடித்து வைத்தாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இந்த வீட்டில் முதல் நாள் காலையில் கதவைத் திறந்தால், மண்வாசல். சாணி தெளித்தால் வாசம் வருகிற நிஜமான மண். காம்பவுண்டுச் சுவருக்குப் பதில் இடுப்பளவு செம்பருத்தி, கேட்டின் இரண்டு பக்கமும். இத்தனை இடமும் எனக்கா என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்றைக்குப் போட்ட தேர்க்கோலத்தைப் பார்க்கத் தெருவே வந்தது.

கல்மாவு அவளுக்கு ஆகாது. கோலம் என்றால் அரிசிமாவுதான், நாலு ஜீவன் தின்றுவிட்டுப் போகணும், அதற்குத்தானே கோலம். ரேஷன் அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி மெஷினில் அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்வாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் சின்னச்சின்னக் கறுப்பு எறும்புகள் வரிசை கட்டி வந்துவிடும், கடிக்காத எறும்பு, பிள்ளையார் எறும்பு. அவை இழை இழையாகக் கோலத்தைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகிறதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பாள். எனக்கும் வாசல் வந்துவிட்டது, என் வாசலுக்கும் விருந்தாளியாக ஒறம்பரை வருகிறது என்று ஒரு பெருமை. தை கடைசியில் வேலிக் கொழுந்தில் முதல் வெள்ளைப் பொட்டைக் கண்டபோதுகூட, கோலமாவுதான் தெறித்திருக்கிறது என்று நினைத்து ஊதிப் பார்த்தாள். அது ஊதினால் போகிற மாவு இல்லை. மறுநாள் நாலு பொட்டு, அதற்கு மறுநாள் காம்பு முழுக்க. பக்கத்து வீட்டுச் சம்பூரணம் அக்கா எட்டிப் பார்த்து, "மாவுப்பூச்சிங்க அது. வசந்தா இருக்கறப்ப இந்த வேலி எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு இலை சுருண்டிருக்காது. அவ கைராசி அப்படி" என்றாள். அக்கா கெட்டவள் இல்லை, வாய் அப்படி. ஆனால் அந்தக் கைராசி என்கிற வார்த்தை முள் மாதிரி ஏறி, எடுக்கவும் வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. கலாமணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் டைப் அடித்த கை. இதில் என்ன ராசி இருக்கும், பிழை இல்லாமல் அடிக்கும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்தது சண்டையல்ல, யுத்தம். ஹோஸ் பைப்பில் தண்ணியைப் பீய்ச்சினாள், பூச்சி குளித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தாள், வெயிலில் இலை பொசுங்கியது, பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. சோத்துக்கஞ்சி தெளித்தாள், சாம்பல் தூவினாள், மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றினாள், தெரு முழுக்க ரசம் வாசம் வந்ததுதான் மிச்சம். நர்சரிக்காரர் ஒரு கொழுந்தைப் பார்த்துவிட்டு, "பூச்சி புடிச்சதை ஒட்ட வெட்டி எரிச்சுப் போடுங்க, மறுபடி துளிர்க்கும்" என்றார். கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், கை எழும்பவில்லை. வெட்டுவதா? இன்னொருத்தி தண்ணி ஊற்றி வளர்த்ததை? தெரு பார்த்துக்கொண்டிருக்கும்போதா? வந்த அஞ்சாம் மாசமே மூத்தவள் வைத்ததை வெட்டிப்போட்டாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்ல, அது பெங்களூர் வரைக்கும் போக. வேண்டாமப்பா என்று கத்திரியை உள்ளே வைத்துவிட்டாள். நாச்சிமுத்துவிடம் சொன்னால், "பூச்சிதானே, வந்த வழியே போயிரும்" என்பார். அந்த மனுஷனுக்கு மோட்டார் தவிர உலகத்தில் எதுவும் ரிப்பேர் ஆகாது. இந்தப் போரில் அவளுக்குத் துணை வந்தது பிள்ளையார் எறும்பு மட்டும்தான். ஒரு நாள் வேலித்தண்டில் எறும்பு ஒன்று ஒரு வெள்ளைப்பூச்சியை வாயில் கவ்விக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தாள். அட, தின்கிறது. பிள்ளையாரே ஆள் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து கோலத்துக்குப் போட்டது போக ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு பிடி மாவு கூடுதலாக வைத்தாள், இன்னும் நிறைய எறும்பு வரட்டும், சீக்கிரம் தின்று முடிக்கட்டும் என்று. எறும்பும் வஞ்சனையில்லாமல் வந்தது.

பிருந்தா தன்னை என்னவென்று கூப்பிடுவாள்? இந்த எண்ணம் பிரஷ் ஒரு கணுவில் சிக்கினால் தானும் சிக்கிக்கொள்கிறது. போனில் பேசும்போது அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்டீங்களா", "அப்பா மாத்திரை போட்டாருங்களா", "சரிங்க, வெச்சறட்டுங்களா". மரியாதைக்குக் குறைவில்லை, ங்க போடாத வார்த்தை கிடையாது. பேருதான் இல்லை. கலாமணிக்கும் என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், குளிக்கிறபோது தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். வா கண்ணு. வாங்கம்மிணி. வா சாமி. வா கண்ணு என்றால் ரொம்ப உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி, வாங்கம்மிணி என்றால் ஒறம்பரையை வாசலில் வைத்துப் பேசுகிற மாதிரி. நடுவில் ஒரு வார்த்தை இருக்கக்கூடாதா. முன்னறையைப் பெருக்கி, தலையணைக்குப் புது உறை போட்டு, ஜன்னலோரம் ஒரு சொம்பில் தண்ணி வைத்துவிட்டு வந்தாயிற்று. வசந்தாமணியின் தைக்கிற மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று நகர்த்தாமல் துடைத்து வைத்திருந்தாள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இந்த அஞ்சு மாசமாக விரலில் கண் வைத்துக்கொண்டு நடக்கிறாள். தொடாமல் இருந்ததெல்லாம் நன்றாக இருக்கிறது. தொட்ட ஒன்று, தினம் தண்ணி ஊற்றித் தொட்ட ஒரே ஒன்று, இப்படி ஆகிவிட்டது. பிரஷை அலசினாள், வெயில் மெல்ல வேலிமேல் ஏறியது, திருமூர்த்தி மலைப் பக்கமிருந்து காத்து வந்து ஈரக் கையில் சில்லென்று பட்டது, அவளுக்கு அந்தக் கவலையிலும் ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்தில்தான் அதைப் பார்த்தாள். கீழே தூரில் வைத்த மாவிலிருந்து ஒரு எறும்பு கிளம்பியது. வழியில் காய்ந்த இலையொன்றில் ஒட்டிக்கிடந்த வெள்ளைப்பூச்சியைக் கவ்வியது. சரி, புற்றுக்குக் கொண்டுபோய்த் தின்னப்போகிறது என்று கலாமணி பாசமாகப் பார்த்தாள். எறும்பு புற்றுக்குப் போகவில்லை. தண்டில் ஏறியது. ஏறி, கிளை மாறி, கறுப்புப் பிடிக்காத ஒரு இளங்கொழுந்துக்குப் போய், அங்கே அந்தப் பூச்சியைப் பூப்போல இறக்கி வைத்தது. வைத்துவிட்டுப் போகவும் இல்லை. மீசையால் அதன் முதுகை வருடியது. பூச்சியின் வாலில் ஒரு சொட்டுத் தேன் மாதிரி ஊறியது, எறும்பு அதைக் குடித்தது. பக்கத்துக் கொழுந்தில் இன்னொரு எறும்பு, அதே வேலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கலாமணி முக்காலியில் இருந்தபடியே முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். கிளைக்குக் கிளை ஆள் போட்டு, மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கட்டி, பால் கறக்கிற மாதிரி கறந்துகொண்டிருந்தன அத்தனை பிள்ளையார் எறும்பும். தின்கிறது என்று அவள் நினைத்தது தீனி இல்லை, பண்ணையம். அந்தப் பண்ணையத்துக்குத் தினமும் விடியக்காலம் எழுந்து, குளித்து, ஆளுக்கு ஒரு பிடி அரிசிமாவு கூலி கொடுத்து வளர்த்தவள் யார்? கலாமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பெருங்காய மோர் ஞாபகம் வந்தது, வேப்பெண்ணெய் ஞாபகம் வந்தது, ஒரு கையால் விரட்டி இன்னொரு கையால் விருந்து வைத்திருக்கிறாள் இத்தனை நாளும். சிரித்துக்கொண்டே தூரில் கிடந்த மாவைப் பார்த்தாள். அப்படியானால் கைராசி இல்லை, காலம் இல்லை, வெயில் இல்லை. வேலியைக் கொன்றது நிஜமாகவே அவள்தான்.

எழுந்தாள். சீமாறை எடுத்தாள். நல்ல நாளில், வீட்டுப்பெண் வருகிற நேரத்தில், போட்ட கோலத்தை அழிக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் கண்முன்னால் எறும்பு வரிசை வரிசையாக மாவைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள் போகிறதைப் பார்த்தபிறகு எந்தக் கை சும்மா இருக்கும்? பிருந்தாவுக்காக என்று அதிகாலையில் உட்கார்ந்து போட்ட பெரிய பூக்கோலம், இதழ் இதழாகச் செம்மண் பூசினது, அதைப் பரபரவென்று பெருக்கினாள். தூரில் வைத்த மாவையெல்லாம் வழித்து முறத்தில் அள்ளினாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் துண்டு, முழங்கை வரைக்கும் பூந்திக்கொட்டை நுரை, கன்னத்தில் மாவு. பாதிக் கோலம் அழிந்து பாதிக் கோலம் நிற்கும்போது கேட்டுக்கு வெளியே ஒரு நிழல் விழுந்தது. முதுகில் பையோடு, கலைந்த தலையோடு, போட்டோவில் பார்த்ததைவிட மெலிசாக, பிருந்தா நின்றுகொண்டிருந்தாள். வண்டிச் சத்தமே கேட்கவில்லையே என்று கலாமணி தெருவைப் பார்த்தாள்.

"அப்பா முக்குக் கடையில எளநீ வாங்க நின்னுட்டாருங்க. நான் நடந்து வந்துட்டேன்" என்றாள் பிருந்தா. அவள் கண் சீமாறைப் பார்த்தது, அழிந்த கோலத்தைப் பார்த்தது. "நான் வர்றேன்னு கோலத்தை அழிக்கறீங்களா?"

குரலில் கோபம் இல்லை, ஒரு வேதனை இருந்தது, அதுதான் தாங்கவில்லை. கலாமணிக்குப் பாடம் பண்ணி வைத்திருந்த மூன்று வார்த்தையும் மறந்துபோயிற்று. "ஐயோ இல்ல கண்ணு, இந்த எறும்புக்காக" என்று ஆரம்பித்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அரிசிமாவு, பிள்ளையார் எறும்பு, அது பூச்சியைத் தின்கிறது என்று நினைத்தது, தூருக்கு ஒரு பிடி வைத்தது, இப்போதுதான் கண்ணால் பார்த்தது. "உங்கம்மா கண்ணும் கருத்துமா வளர்த்த வேலி. நாந்தான் சோறு போட்டுக் கொன்னுட்டேன். வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன், மனசுல வெச்சுக்காத சாமி."

பிருந்தா பையை இறக்கிக் கேட்டோரம் வைத்தாள். வேலியருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு இலையைத் திருப்பினாள், எறும்பு விரலில் ஏறியது, உதறினாள். "பிள்ளையார் எறும்புன்னா நல்லதுன்னு நெனச்சீங்களா?" என்றாள். கலாமணி தலையாட்டினாள். பிருந்தாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், அது சிரிப்பால் வந்த தண்ணியா மற்றதா என்று கலாமணிக்குத் தெரியவில்லை.

"இது எங்கம்மா வெச்ச வேலியே இல்லீங்க" என்றாள். தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அம்மா வெச்சது நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்பவே செத்துப்போச்சு. யூரியா அள்ளிக் கொட்டிட்டாங்க. அப்பா அந்தச் செடியப் பத்திக் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசிட்டு இருந்தாரா, சொல்றதுக்கு அம்மாவுக்குக் கூச்சம். அப்பா கடைக்குப் போனதும் என்னைக் கூட்டிட்டு நர்சரிக்குப் போய், அதே உசரத்துல வாங்கிட்டு வந்து நட்டுட்டாங்க. நாந்தான் பை புடிச்சுட்டுப் போனேன். அப்பறம் ஒருக்கா சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி. ஒருக்கா பூச்சிமருந்து எச்சாப் போயி. மொத்தம் நாலு தடவை கொன்னிருக்காங்க. உங்களுக்கு இப்பத்தான் மொதல் தடவை."

"சம்பூரணம் அக்கா கைராசின்னாங்களே."

"அவங்களுக்குந் தெரியாது. ஒருக்கா வாங்கி நட்டது செகப்புக்குப் பதிலா ரோஸ் பூத்துருச்சு. மழை பேஞ்சா அப்படித்தானுங்க பூக்கும்னு அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. அப்பாவும் நம்பிட்டாரு."

கலாமணிக்கு வசந்தாமணியை முதன்முதலாகப் பிடித்துப்போயிற்று. போட்டோவில் மாலைக்குள்ளிருந்து அஞ்சு மாசமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குறையே இல்லாத பொம்பளை, யூரியாவைக் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடுகிறாள், மூணாங்கிளாஸ் பிள்ளை பின்னாலேயே ஓடுகிறது. அவளுக்கு அந்த வாசல், வெயில், நுரைக் கை, அரைகுறைக் கோலம் எல்லாமே ஒரேயடியாகப் பிடித்திருந்தது. பிருந்தா எழுந்து வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். கேட்டோரம் இருக்கிற மூணு செடி தேறாது, மத்ததை முழங்கால் உசரத்துக்கு வெட்டிவிட்டால் துளிர்த்துவிடும் என்றாள். "வெட்டலாமா?" என்று கலாமணி கேட்டாள். "வெட்டாம எப்படீங்க?" என்றாள் பிருந்தா.

நாச்சிமுத்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இளநீர் குலையை இறக்கிவிட்டு, இரண்டு பேரும் வேலியருகில் நிற்கிறதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியா அம்மிணி, உங்கம்மா செடி. பங்குனி வெயிலுக்குக் கொஞ்சம் வாடியிருக்குது, அவ்வளவுதான். இருபது வருஷமா ஒரு செடி மாத்துனதில்ல. நான் ஊரெல்லாம் சொல்லுவேன், கலாகிட்டக் கேளு."

"ஆமாங்க, சொல்லுவாருங்க" என்றாள் கலாமணி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். பிருந்தா திரும்பி வேலியைப் பார்த்து நின்றுகொண்டாள், அவள் முதுகு குலுங்கியது.

"அப்பா, நீங்க எளநீ சீவி வெய்ங்க. நாங்க ரெண்டு பேரும் சும்மா கடைவீதி வரைக்கும் போய்ட்டு வந்தர்றோம்."

"வந்து கால்கூடக் கழுவல, அதுக்குள்ள என்ன கடை?" என்று நாச்சிமுத்து அருவாளைத் தேடிக்கொண்டே உள்ளே போனார்.

பிருந்தா கலாமணியின் பக்கம் குனிந்தாள். "பெரிய பையா எடுத்துக்குங்க" என்றாள்.